கடையில் இவ்வளவு, போனில் இவ்வளவு

ஆகஸ்ட் 27, புதன்

கம்பி நார்: கடையில் ஒன்று 15. போனில் ஆறு சேர்த்து 60.
துணி கிளிப், ஒரு டஜன்: கடையில் 40. போனில் 34.
டீ வடிகட்டி: கடையில் 35. போனில் 49. (போனில் இருப்பது கனமான கம்பி. படத்தைப் பார்த்தாலே தெரிகிறது.)

எங்கள் வீட்டுக்காரர் மஞ்சள் மண்டியில் எடை போடுகிறவர். எதையும் தராசில் ஏற்றிப் பார்த்தால்தான் நம்புவார். "இத்தனை வருசமா ஈஸ்வரமூர்த்தி கடைலதான வாங்கிட்டிருந்தே? இப்ப என்ன புள்ள, உப்புப் புளியெல்லாம் போன்ல வரவெக்கற?" என்று காலையில் கேட்டார். விலை குறைவு என்றேன். எவ்வளவு குறைவு என்றார். அதற்காகத்தான் இந்த வேலை. மண்டியில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி உறை பிரிக்காமல் கிடந்தது. இனி ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டு விலையையும் எழுதி அவர் முகத்துக்கு நேரே நீட்டப் போகிறேன். கடை விலையை பால்காரப் பொன்னாத்தாளிடம் கேட்டுக்கொள்கிறேன். அவளுக்குப் பெருந்துறை கடைவீதி முழுக்க அத்துப்படி.

சிந்துவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. வரும் பதினாலாம் தேதி கட்டுச்சோறு. விதவிதமாகச் சோறு கிளறிக்கொண்டு சங்ககிரிக்குப் போய், சம்பந்தி வீட்டில் எல்லோருக்கும் பரிமாறி, பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிவர வேண்டும். ஒரே பெண். தலைப்பிரசவம். குழந்தை இந்த வீட்டுக்குத்தான் முதலில் வரவேண்டும்.

கடைக்குப் போகாததற்கு விலைதான் காரணம். வேறொன்றுமில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

டீ வடிகட்டியில் மாட்டிக்கொண்டேன். "பதினாலு ரூவா சேத்திக் குடுத்து வாங்கறதுக்குப் பேரு கொறைவா?" என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவருடைய மூக்குப்பொடியையும் எழுதி வைத்திருக்கிறேன். கடையில் டப்பா 20, போனில் 85. அது ஒன்றில் கடைதான் ஜெயித்தது.

ஈஸ்வரமூர்த்தி அண்ணனிடம் ஒரு கெட்ட பழக்கம். எதைக் கேட்டாலும் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நீட்டுவார். காபித்தூளா, நீட்டுவார். நெய்யா, மூடியைத் திறந்து நீட்டுவார். "மோந்து பாருங் தங்கச்சி, பிடிச்சா வாங்குங்" என்பார். அந்தக் கடையில் எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். ஆடி பிறந்ததும் பெருங்காயம் வாங்கப் போனேன். இரண்டு கட்டியை நீட்டினார். இரண்டையும் மூக்கருகே கொண்டுபோய், தலையை ஆட்டி, ஒன்றைக் காட்டினேன்.

"அது போன வருசத்துச் சரக்குங். எறும்பு கூடத் தொடாது. பண்டம் தெரிஞ்ச ஆளு நீங்க, உங்களுக்கே தெரியலீங்ளா?" என்றார். கடையில் நாலு பேர் இருந்தார்கள்.

ஆனி மாதக் காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு மூக்கு கொஞ்சம் மந்தம். அவ்வளவுதான். சளி இறங்கினால் சரியாகிவிடும். டாக்டர் வேறு ஏதோ சொன்னார், அவருக்கு வயது போதாது.

இது வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் சிந்துவிடம் சொல்வார். சிந்து மாப்பிள்ளையிடம் சொல்வாள். சம்பந்தியம்மாவுக்கு ஏற்கெனவே பிரசவத்தைச் சங்ககிரியிலேயே வைத்துக்கொள்ள ஆசை. ஒரு சாக்குக் கிடைத்தால் போதும், "ஒடம்பு முடியாதவங்ககிட்ட எப்படீங் விடறது" என்று ஆரம்பித்துவிடுவார்.

போனில் யாரும் மோந்து பார் என்று சொல்வதில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

காபி குடித்தேன். சூடாக இருந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

சிலிண்டர் போடுகிறவர் வந்தார். மேடைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, டியூப்பு வெடிப்பு விட்டிருக்குது. இந்த மாசத்துக்குள்ள மாத்தீருங். பொண்ணு பிரசவத்துக்கு வருதுங்கறீங்க" என்றார். ஊருக்கே என் பெண் வருவது தெரிந்திருக்கிறது. சந்தோஷம்தான்.

கேஸ் டியூப்: கடையில் 190. போனில் 119, கூடவே ஒரு லைட்டர் இலவசம். ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். எழுபத்தொரு ரூபாய் மிச்சம், அதுவும் லைட்டரோடு. இதை எங்கள் வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

தேங்காய் எண்ணெய் ஒரு லிட்டரும் அதிலேயே போட்டேன். கட்டுச்சோற்றுக்கு.

செப்டம்பர் 9, செவ்வாய்

டியூப் வந்தது. கொஞ்சம் மெல்லிசுதான். அடுப்பு முனையில் மாட்டினால் கழன்று கழன்று வருகிறது. இவர் மண்டியிலிருந்து சணல் கொண்டுவந்து முனையில் சுற்றி, மேலே டியூபைச் செருகி, கம்பி போட்டு முறுக்கினார். இழுத்துப் பார்த்தோம், வரவில்லை.

"சோப்புத் தண்ணி தடவிப் பாக்கோணும்" என்றார்.

"கசிஞ்சா நாறாதுங்ளா? உங்களுக்கு நாறுதா?" என்றேன்.

அவர் நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு இல்லை என்றார். எனக்கும் இல்லை என்றேன். பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

செப்டம்பர் 13, சனி

நாளைக்கு ஏழு வகைச் சோறு. இன்று எல்லாவற்றையும் ஒருமுறை செய்து பார்த்தேன். யாரும் இல்லாத நேரத்தில்தான் செய்தேன்.

எனக்குப் புது முறை ஒன்று பழகிவிட்டது. கண்ணும் காதும் போதும். வெந்தயம் செம்மண் நிறத்துக்கு வந்தால் இறக்கு. கடுகு ஓய்ந்தால் புளியை ஊற்று. புளி கொதிக்கும்போது முதலில் சளசள என்று இருக்கும், பச்சை போனதும் சத்தம் கெட்டியாகும். பருப்பு அடிப்பிடித்தால் மேலே வரும் குமிழி சின்னதாகிவிடும். உப்பும் புளிப்பும் காரமும் நாக்கில் தெரிகின்றன. மற்றதெல்லாம் பழைய ஞாபகம். சமையலறையில் வானொலி வைப்பதை நிறுத்திவிட்டேன், காதுக்கு இடைஞ்சல்.

எனக்கே வியப்பாக இருக்கிறது. மூக்கு இருக்கிறவர்கள் இத்தனை கவனமாகச் சமைக்க மாட்டார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கூட்டிவந்துவிட்டேன். பக்கத்து அறையில் சிந்து படுத்திருக்கிறாள். கட்டிலில் படுத்தால் இடுப்பு வலிக்கிறது என்று தரையில் பாய் விரித்துக்கொண்டாள். கை நிறைய வளையல். திரும்பிப் படுக்கும்போதெல்லாம் சத்தம் கேட்கிறது. இந்தச் சத்தம் இந்த வீட்டில் கேட்டு மூன்று வருஷமாகிறது.

புளிச்சோற்றைச் சங்ககிரியே பாராட்டியது. "வாசம் வாசப்படிக்கே வந்துருச்சுங்" என்று சம்பந்தி வீட்டுப் பெரியவர் சொன்னபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எலுமிச்சை, எள்ளு, தயிர் எல்லாம் காலி. தேங்காய்ச் சோறு மட்டும் அப்படியே இருந்தது. இலைகளில் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

சம்பந்தியம்மா என்னைத் தனியாக அழைத்தார். "தப்பா நெனைக்காதீங். எண்ணெய் காறலா இருக்குதுங்களே, நீங்க கவனிக்கலீங்ளா?"

"கடைக்காரரு ஏமாத்திட்டாருங். ஈஸ்வரமூர்த்தின்னு எங்கூர்ல ஒருத்தரு. இனிமே அங்க வாங்கறதில்லீங்" என்றேன். வாய் கூசாமல் வந்தது.

சம்பந்தியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிந்துவின் தலையில் பூ வைத்து, "பத்திரமாப் பாத்துக்குங்" என்று அனுப்பி வைத்தார்.

செப்டம்பர் 17, புதன்

பிளாஸ்டிக் பக்கெட் மூடி: கடையில் 30. போனில் கிடையாது.

சிந்து வந்ததிலிருந்து எல்லாம் நாறுகிறது என்கிறாள். பக்கத்து வீட்டு எருமைக் கொட்டாய் நாறுகிறது என்று ஜன்னல்களைச் சாத்தி வைத்திருக்கிறாள். சோப்பு நாறுகிறது. அப்பா சட்டை நாறுகிறது. இன்று சமையலறை வாசலில் நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, அழுகின முட்டைக்கோசு மாதிரி ஒரு நாத்தம். உனக்கு வரல?"

"கூடைல முட்டைக்கோசே இல்ல கண்ணு."

"கேஸாம்மா?"

நான் அடுப்பருகே போய் குனிந்து மூச்சை இழுத்துக் காட்டினேன். "ஒண்ணுமில்லையே. வாய்க்கசப்பு வந்தா எல்லாம் அப்படித்தான் இருக்கும். உன்னை வயித்துல வெச்சிருக்கறப்ப எனக்கு மல்லியப்பூவே நாறுச்சு" என்றேன். மல்லிகைப்பூ சமாச்சாரம் உண்மைதான். அதைச் சொன்னதும் அவள் நம்பிவிட்டாள்.

மாலையில் அவள் அப்பாவையும் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னாள். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பேர் இல்லை என்கிறோம், ஒருத்தி இருக்கிறது என்கிறாள். அவளோ மாசமாக இருக்கிறவள்.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசிச் சனி. பெருமாளுக்குத் தளிகை போட்டேன்.

சாம்பிராணி, கிண்ணம் போல இருப்பது, தட்டில் வைத்துக் கொளுத்த, பன்னிரண்டு: கடையில் 50. போனில் 45. சிந்து நாற்றம் நாற்றம் என்கிறாளே என்று காலையும் மாலையும் ஒன்று கொளுத்திச் சமையலறை மூலையில் வைக்கிறேன். அவளுக்குக் கொஞ்சம் பரவாயில்லையாம்.

தலைவலி என்று நாலு நாளாகச் சொல்கிறாள். எழுந்தால் கிறுகிறுப்பு. பாயில் படுத்தால் இன்னும் கூடுகிறது, வாசலில் வந்து உட்கார்ந்தால் குறைகிறதாம். இரத்தம் குறைவாக இருக்கும். பேரீச்சம்பழம் போட்டிருக்கிறேன், போனில்தான்.

பொன்னாத்தாள் பால் ஊற்ற வந்தவள் படியில் நின்று மூக்கைச் சுருக்கினாள். "ஏனுங் கலாக்கா, அடுப்பைக் கிடுப்பைத் தொறந்து விட்டுட்டீங்ளா?"

"சாம்பிராணி போட்டேன் பொன்னாத்தா."

"சாம்பிராணி எனக்குத் தெரியாதுங்ளா" என்றாள். பாலை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு கருத்து உண்டு.

போய் டியூபைத் தொட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. சணல் மட்டும் கொஞ்சம் வெளியே வந்திருந்தது. விரலால் உள்ளே தள்ளினேன்.

செப்டம்பர் 22, திங்கள்

சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நேரமில்லை. நாளைக்கு.

செப்டம்பர் 23, செவ்வாய்

முழுதாக எழுதிவிடுகிறேன்.

இன்று ஊர் முழுக்க மின்தடை. இவர் மண்டிக்குப் போயிருந்தார். சாப்பிட்ட பிறகு சிந்து பாயில் படுத்தாள், ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. அவளுக்குப் பால் காய்ச்சலாம் என்று எழுந்தேன். போனில் வந்த லைட்டர் ஆணியில் தொங்கியது. எடுத்து, பாலை அடுப்பில் வைத்து, லைட்டரை பர்னர் பக்கம் கொண்டுபோனேன். கட்டை விரல் அதன் தலைமேல் இருந்தது.

மின்விசிறி ஓடவில்லை. பிரிட்ஜ் ஓடவில்லை. வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. அதனால்தான் கேட்டது. கீழே மேடைக்கு அடியில், சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது போல, ஸ் என்று ஒரே சீராக.

பர்னரை நான் இன்னும் திருகவே இல்லை.

லைட்டரைக் கீழே போட்டால் பொறி வருமோ என்று பயந்து அதை அப்படியே பிடித்துக்கொண்டு குனிந்தேன். அடுப்பு முனையிலிருந்து டியூப் பாதி கழன்று தொங்கியது. ரெகுலேட்டரை மூடினேன். சத்தம் நின்றது. பின்கதவைத் திறந்து லைட்டரை வெளியே வைத்தேன். எத்தனை நேரமாக வந்துகொண்டிருந்தது? சமைத்து முடித்ததிலிருந்தா? வீடு முழுக்க நிறைந்திருக்கிறதா, இல்லை இப்போதுதானா? எனக்குத் தெரியவில்லை. வேறு யாராக இருந்தாலும் ஒரு மூச்சில் தெரிந்துகொண்டிருப்பார்கள். நான் என் வீட்டின் நடுவில் குருடியைப் போல நின்றேன்.

சிந்துவைக் கூப்பிட்டேன். எழவில்லை. மறுபடி கூப்பிட்டேன். கேஸ் தரையோடு தரையாகத்தான் தங்கும் என்று சிலிண்டர்காரர் ஒருமுறை சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. அவள் படுத்திருந்தது தரையில். எந்த நிமிஷமும் கரண்ட் வரலாம். வந்தால் பிரிட்ஜ் தானாக ஓடும். அதில் ஒரு பொறி போதும். அவளை அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். என் பெண் இத்தனை கனமா என்றிருந்தது. "அம்மா, தூக்கமா வருது" என்று முனகினாள். வளையல்கள் தரையில் உரசிக்கொண்டே வந்தன. இரண்டு மூன்று உடைந்தன.

வாசலைத் தாண்டி வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன். அவள் வாந்தி எடுத்தாள். பொன்னாத்தாள் தெருவில் வந்துகொண்டிருந்தவள் ஓடி வந்தாள். "ரோட்டுக்கே நாறுதுங்! உள்ளேயே இருந்துட்டு உங்களுக்குத் தெரியலீங்ளா?" என்று கத்தினாள்.

சிந்து வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அசையலம்மா" என்றாள்.

நானும் கையை வைத்தேன். எவ்வளவு நேரம் என்று எழுத முடியாது. எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு முடித்துவிட்டேன். பிறகு என் உள்ளங்கைக்குக் கீழே ஒரு உதை. சிந்து அழுதாள். நான் அழவில்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆட்டோவில் திரும்பும்போது சிந்து கேட்டாள். "அம்மா, உனக்கு வாசமே வரதில்லையா?"

"சளி கண்ணு" என்றேன். அப்போதும் அதைத்தான் சொன்னேன்.

செப்டம்பர் 24, புதன்

ஈஸ்வரமூர்த்தி அண்ணன் கடைக்கு நானே போனேன். கேஸ் டியூப் கேட்டேன். அவர் ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்து, வழக்கம்போல மூக்கில் வைத்துவிட்டு என்னிடம் நீட்டினார். "அசல் ரப்பருங். மோந்து பாருங் தங்கச்சி."

"எனக்கு வாசம் தெரியாதுங்ணா. காய்ச்சல்ல போயிருச்சு. நீங்களே பாத்துச் சொல்லுங்" என்றேன்.

கடையில் இன்றும் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

அவர் டியூபைச் சுருட்டிக் காகிதத்தில் சுற்றினார். "அன்னிக்குப் பெருங்காயத்துலயே நெனச்சனுங். கேக்கறதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. அப்பறமேட்டிக்கு நீங்களும் வரலீங்" என்றார். பிறகு, "சம்பந்தி ஊட்டுல சொல்லிட்டீங்ளா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சங்ககிரிக்குப் போன் செய்தேன். இவரிடமும் சிந்துவிடமும் அதற்குப் பிறகுதான் சொன்னேன். தேங்காய் எண்ணெய் கடையில் வாங்கியது இல்லை என்பதையும் சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். "வந்து கூட்டிட்டுப் போயிருங்" என்றேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

கூட்டிப் போய்விட்டார்கள். சம்பந்தியம்மா ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சிந்து காரில் ஏறும்வரை என் கையை விடவில்லை. "எனக்கு இங்கதாம்மா இருக்கோணும்" என்றாள்.

தரையில் கிடந்த வளையல் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

இவர் பொடி போடுவதை விட்டுவிட்டார். டப்பாவைக் குப்பையில் போட்டதைப் பார்த்தேன். காலையில் நான் அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் சமையலறை வாசலில் வந்து நிற்கிறார். மூச்சை நன்றாக இழுக்கிறார். "ஒண்ணுமில்ல, பத்த வெய்யி" என்கிறார். பிறகுதான் மண்டிக்குப் போகிறார்.

முப்பது வருஷப் பழக்கத்தை எனக்காக விட்டிருக்கிறார். சொல்லிக் காட்டவும் இல்லை.

அக்டோபர் 30, வியாழன்

கேஸ் கசிந்தால் கத்தும் பெட்டி: போனில் 599. கடையில் இல்லை, ஈரோட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், ஆயிரத்துக்கு மேல் ஆகும் என்று ஈஸ்வரமூர்த்தி அண்ணன் சொன்னதாகப் பொன்னாத்தாள் சொன்னாள். போனில் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். டியூபுக்கும் ஐந்து நட்சத்திரம்தான் போட்டிருந்தார்கள். இரண்டு இடத்திலும் வாங்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

சிந்து வருகிறாள்!

இவரே சங்ககிரிக்குப் போய்ப் பேசியிருக்கிறார். என்னிடம் மூச்சு விடவில்லை. "நான் மண்டிக்கு லீவு போட்டுட்டு ஊட்லயே இருக்கறனுங். பொடியையும் உட்டாச்சு. இப்ப மூக்கு நாய் மாதிரி வேலை செய்யுதுங்" என்றாராம். அங்கே சிந்துவும் சரியாகச் சாப்பிடாமல் அம்மா வீடு என்றே பேசிக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது. சம்பந்தியம்மா கடைசியில் என்னிடம் போனில் வந்தார். "அண்ணனுக்கு வாசம் நல்லாத் தெரியுதுங்றாரு. அவரை நம்பித்தான் அனுப்பறனுங்" என்றார். வெள்ளிக்கிழமை காலை கொண்டுவந்து விடுகிறார்கள்.

அறையைக் கழுவி விட்டேன். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

பால் தீய்ந்துவிட்டது. துணி மடித்துக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது பாத்திரம் கறுத்துப் புகை வந்துகொண்டிருந்தது. இவர் சமையலறையை ஒட்டித்தான் நாற்காலி போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அசையவில்லை.

பாத்திரத்தை நனைத்து வைத்தேன். பிறகு பீரோவிலிருந்து ஒரு அந்துருண்டையை எடுத்துப் பொடித்துக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோனேன்.

"ஏனுங், புதுப் பெருங்காயம். நல்லாருக்குதான்னு பாத்துச் சொல்லுங்."

பொட்டலத்தை மூக்கில் வைத்து நன்றாக இழுத்தார். தலையை ஆட்டினார். "ஜம்முனு இருக்குது புள்ள. அசல் சரக்கு" என்றார்.

அப்படித்தான் நானும் தலையை ஆட்டியிருப்பேன்.

காகிதத்தை மடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். முப்பது வருஷ மஞ்சள் தூசு, முப்பது வருஷப் பொடி. விட்ட ஒரு மாதத்தில் எங்கே திரும்பிவரும். அவருக்கும் அது தெரியும். பேத்தியோ பேரனோ இந்த வீட்டுக்கு வரவேண்டும் என்று எனக்கு இருக்கிற அதே ஆசைதான் அவருக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது. சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். இன்று அவர்கள் கோயிலுக்குப் போகிறார்கள், போனை எடுக்க மாட்டார்கள். நாளைக்குச் சொல்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

சம்பந்தியம்மாவே கூப்பிட்டார். சிந்துவின் துணிமணிகளையெல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டதாம். சிந்து பின்னால் சிரித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. பேச்சின் நடுவே எங்கே சொல்வது என்று தெரியவில்லை.

நாம்தான் இப்போது உஷாராக இருக்கிறோமே. டியூப் அசல். காது நன்றாகக் கேட்கிறது.

நவம்பர் 12, புதன்

காலையில் வாசலில் நின்று மூச்சை இழுத்து, "ஒண்ணுமில்ல, பத்த வெய்யி" என்றார். சரிங் என்றேன். அவர் போகும்வரை அடுப்பருகே குனிந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தெருவில் லாரி ஒன்று நின்று உறுமிக்கொண்டிருந்தது. அது போகட்டும் என்று காத்திருந்தேன். போகவில்லை. காபிக்கு நேரமாகிவிட்டது, பற்றவைத்தேன்.

நவம்பர் 13, வியாழன்

தொட்டில் கயிறு: கடையில் 140. போனில் 95.

ஈஸ்வரமூர்த்தி அண்ணன் இழுத்துப் பார்த்து நல்லதாகத்தான் கொடுப்பார். ஆனால் பொண்ணு வருதுங்ளா என்பார். சம்பந்திகிட்ட எல்லாம் சொல்லிட்டீங்ளா என்பார்.

போனிலேயே போட்டுவிட்டேன். விலைதான் காரணம்.